ஜன்னல் டீச்சர்

இருபத்தொரு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஜன்னல் டீச்சர் என்றுதான் பெயர். சொந்த வகுப்பு கிடையாது. எந்த வகுப்பில் எந்தப் பிள்ளை தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து, அந்த வகுப்பு ஆசிரியருக்குக் கைகொடுப்பது அவர் வேலை. விடைத்தாளை மேசையில் வைத்துப் பார்க்கிற வழக்கமே இல்லை. வெளிச்சத்துக்கு நேராக ஜன்னலில் பிடித்துத்தான் பார்ப்பார். "என்னையும் ஒருநாள் அப்படித் தூக்கிப் பாக்கப் போறா" என்பார் கணவர். எண்பத்தைந்து கிலோ மனிதருக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை.

நாலாம் வகுப்பு வாத்தியார் ஒரு தாளோடு வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கணக்கில் ஒரு பெண் மூன்றாவது தடவையாகப் பூஜ்யம். வெள்ளிக்கிழமை மறுதேர்வு. அதிலும் தேறாவிட்டால் மூன்றாம் வகுப்புக்குத் திரும்பிப் போய்த் தன் தங்கையோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும்.

"தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிக் குடுத்துட்டேன் டீச்சர். மண்டையில ஏறல."

டீச்சர் தாளை ஜன்னலில் பிடித்தார். ரப்பரால் தேய்த்த இடங்களில் பென்சில் அழுத்திய தடம் தெரிந்தது. பத்துக் கணக்கில் ஆறு சரி.

"சரியாப் போட்டுட்டு அழிச்சிருக்கா தம்பி."

பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"பக்கத்துல இருக்கிறவ வேற விடை போட்டிருந்தா. அவதானே கெட்டிக்காரி. அப்ப என்னுது தப்பாத்தான் இருக்கும்."

வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். காப்பியடிக்க முடியாதபடி பக்கத்துப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெவ்வேறு கேள்வித்தாள் கொடுத்தவரே அவர்தான். இவள் கேள்வியைப் பார்க்காமல் விடையை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறாள்.

டீச்சருக்குக் கோபம் வந்தது, பிள்ளை மேல் அல்ல. வாத்தியாரே நாள் தவறாமல் ஒருத்தியை மட்டும் கெட்டிக்காரி என்று புகழ்ந்தால் அடுத்தவள் தன் கையை எப்படி நம்புவாள்?

"மூணு நாள் இருக்கு தம்பி. தெனமும் அஞ்சு கணக்கு. விடை எப்படி வந்துச்சுன்னு அவ வாயால சொல்லட்டும். சரியோ தப்போ, அழிக்க விடாதீங்க."

வெள்ளிக்கிழமை அவள் கையில் பென்சிலுக்குப் பதில் பேனாவைக் கொடுத்தார் வாத்தியார். ரப்பருக்கு வேலையில்லை. பத்துக்கு ஏழு வந்தது. தாளைத் திருத்திய வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் தாளோடு ஜன்னல் டீச்சரிடம் ஓடிவந்த அவள் அந்த ஏழு மார்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தப்புப் போட்டிருந்த மூன்று இடங்களிலும் விரல் வைத்து நிமிர்ந்து சொன்னாள்:

"இந்த மூணு தப்பும் நானே போட்டது டீச்சர்."