ஏஜெண்ட் என்று நான் வைத்த பெயர்

படம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோது டாலி அண்ணன் எழுந்துபோய்த் தன் வீட்டு ஜன்னலைச் சாத்தினார். அதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. கறுப்பு வெள்ளைத் திரையில் ஓர் உளவாளி கம்பியை விட்டுப் பூட்டை நோண்டிக்கொண்டிருந்தான். நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணனோ மூக்கை உறிஞ்சி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்தார். என்னவென்று கேட்டேன். "மணலி ஃபேக்டரிங்க பக்கத்துலேர்ந்து நாத்தம் வந்தா பாப்பாவுக்கு இழுக்க ஆரம்பிச்சிடுதுடா. எப்போ வருது, எப்போ இழுக்குதுன்னு எய்தி எடுத்தாரச் சொல்லிக்கிறாரு டாக்டரு" என்றார். பாயில் படுத்திருந்த அவருடைய எட்டு வயசுப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தது. அதன் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு லோடு ஏற்றுகிற வேலை. ஏறுகிற பெட்டிகளை எண்ணி டிக் போடுவது அவர் வேலை. அந்தக் கணக்குக்கு யார்டில் டாலி என்று பெயர், அதனால்தான் டாலி அண்ணன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கலாய்ப்பது. பழைய உளவாளிப் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை என்று ஒருநாள் சொன்னேன். "இன்னாடா நீ! ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா" என்று கூப்பிட்டார். அண்ணி நெத்திலி வறுத்துப் போட்டார். படம் முழுக்க ஆபீஸில் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்த அப்பாவி குமாஸ்தாதான் எதிரியின் ஆள் என்று கடைசியில் தெரிந்தபோது, நான் எழுந்து நின்று விசிலடித்தேன். தானே டைரக்ட் செய்த மாதிரி அண்ணனுக்கு முகமெல்லாம் பெருமை.

யார்டிலும் நாற்றம் வந்தால் அண்ணன் அந்த நோட்டை எடுத்து நேரத்தைக் குறிப்பார். மறுநாள் டீ வேளையில் அந்தக் குமாஸ்தாவை யார்டுக்குக் கொண்டுவந்தேன். அண்ணன் மாதிரியே மூக்கை உறிஞ்சி, இரண்டு பக்கமும் திருட்டுப் பார்வை பார்த்து, இல்லாத நோட்டை எடுத்து எழுதிக் காட்டினேன். "மாமு, நம்ம யார்டுலயும் ஒரு ஏஜெண்ட் கீறாரு, உஷாரு!" எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அண்ணன்தான். அன்றிலிருந்து அவர் பெயரே ஏஜெண்ட் ஆகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, குடிக்கத் தண்ணீரும் வெயிலுக்கு ஒதுங்க ஒரு ஷெட்டும் கேட்டு மனு கொடுப்பதென்று ரகசியமாகக் கையெழுத்து வாங்கினோம். மனு போகும் முன்பே, முன்னால் நின்ற மூன்று பேரைக் காண்ட்ராக்டர் இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். யார் காட்டிக்கொடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் மட்டும் கேட்டார்: "இங்க எப்ப பாரு எய்திக்கினே கீறது யாரு?" ஒருவரும் சிரிக்கவில்லை. என் வாயில் வடை இருந்தது. அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். சொன்னால், அவர் வீட்டில் சாப்பிட்டவன் என்று என்னையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். வடையை மெதுவாக, மிக மெதுவாக மென்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு அண்ணன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எடைமேடை ஓரமாக நின்று தனியாக டீ குடித்தார். நாலாம் நாள் என்னிடம் வந்தார். "நோட்ட நீ பாத்தல்லடா. பாப்பாவயும் பாத்த. ஒரு வார்த்த சொல்லுடா, போதும்." எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை என் மேல் விழுந்ததும் என் நாக்கு அதற்குப் பழகிய வேலையைச் செய்தது. "எந்த ஏஜெண்ட்ணா ஒத்துக்கினான்? படத்துலயே கடைசி ரீலு வரைக்கும் ஒத்துக்கலயே!" என்று உரக்கச் சொன்னேன். யார்டே அதிர்ந்து சிரித்தது. அண்ணன் எடைமேடைப் பக்கமே திரும்பிப் போனார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. இரண்டு பஸ் மாறி மாதவரத்தில் ஏதோ குடோனுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். பாப்பாவைப் பற்றி யாரிடம் விசாரிப்பது என்று தெரியவில்லை.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் டீ வேளையில், எல்லோரும் இருக்கும்போது, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். நோட்டு, நாற்றம், பாப்பாவின் இழுப்பு, டாக்டர், என் பயம், ஒன்றையும் விடவில்லை. ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் தொடையில் தட்டினார். "மூஞ்ச எப்டி வச்சிக்கினு சொல்றான் பாரு! கண்ணுல தண்ணிகூட வருதுபா!" எல்லோரும் சிரித்தார்கள். "மெய்யாலும்தான்பா" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பழக்க தோஷம், என் வாயும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டது.