வலை என்னிடம், தோணி அவனிடம்

பனிச்சங்கேணியை விட்டு இரண்டு மைல் நடந்த பிறகுதான், வலையைப் பிழியாமலே தோளில் போட்டுக்கொண்டு வந்தது உறைத்தது. முதுகெல்லாம் உவர்நீர். முந்தின நாள் கண்ணிவெடி வெடித்ததால் பஸ் ஓடவில்லை. வாழைச்சேனை வரை நடைதான்.

வீச்சு வலை என்னுடையது. தோணி கூட்டாளியுடையது. அவன் பின்னால் நின்று கம்பு ஊன்றுவான், நான் முன்னால் நின்று வீசுவேன். அப்போது காலை பத்து மணி வரைதான் வாவியில் இறங்க ஆமி விடும். அன்று பத்தாகப் போகிற நேரம், சேற்றில் வேர் பரப்பி நிற்கும் கண்ணாக் காட்டோரம் இறால் துள்ளியது. கடைசியாக ஒரு வீச்சு என்று வீசினேன். வலை வேரில் சிக்கி, ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிந்தது.

"தோணிய வேருக்க கொண்டு விட்டவன் நீ" என்றேன்.

"வேருக்கு மேல வீசினவன் நீ" என்றான்.

நிறைய மீன் பட்ட நாட்களில் அது என் கை வாகு என்றே நம்பியிருந்தேன். தன் கம்பின் வாகு என்று அவன் நம்பியிருந்தது அன்றுதான் தெரிந்தது. வலையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நியாயம் இருவரிடமும் இருந்தது. மீன்பிடிக்கத்தான் வழியில்லை.

வழியில் ஆமியின் காவல் சென்றியில் வலையை விரிக்கச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் கிழிசலுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். எனக்குப் பின்னால் நின்ற கருவாட்டுக்காரி எங்கள் ஊர். கூட்டாளியைக் கண்டு பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

"திரும்பிப் போ மனே. ஒரு சொல்லுச் சொன்னா நாளைக்குத் தோணி இறக்கலாம்."

"பிழை அவன்ட மாமி. அவன் வந்து சொல்லட்டும்."

"அவனும் இதத்தான் சொன்னான்."

"நான் எவ்வளவு விட்டுக்குடுத்த எண்டு அவனுக்குத் தெரியுமா?"

"அதையும் சொன்னான்." கூடையைத் தலையில் ஏற்றினாள். "ரெண்டு பேரும் நல்லவனுகள்தான். பட்டினி கிடங்க."

ஒரு பீடி முடியும்வரை வந்த வழியைப் பார்த்து நின்றேன். போனால் வென்றுவிட்டதாக நினைப்பான். நடந்தேன்.

மறுநாள் காலை வாழைச்சேனைத் துறையில் வலை பொத்தும் வேலை கிடைத்தது. சாப்பாடும் உண்டு. ஒரு படகுக்காரர் முதல் வலையைக் கொண்டுவந்து போட்டார். பாறையில் பட்டதாம். அகலமான கிழிசல்.

ஊசியில் நூலை ஏற்றியபடியே, "அப்ப எஞ்சின் பிடிச்சு ஓட்டினது ஆர் அண்ணன்?" என்று கேட்டேன்.