ஃபக்ருன்னிசா சொல்லாத படம்

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃபக்ருன்னிசாவின் தையல் கடை. ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் அளவு கொடுத்த கையோடு, "அக்கா, இன்னா படம் பாக்கலாம்?" என்று கேட்பார்கள். அவள் உடனே சொல்லமாட்டாள். வீட்டில் யார் யார், இப்போது மனசு எப்படி என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் வாயைத் திறப்பாள்.

மருமகளோடு முறைத்துக்கொண்டிருந்த முனியம்மாவுக்கு, மாமியாரே மருமகளைப் பரீட்சைக்கு அனுப்பிவைக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைச் சொன்னாள். வேலை போன கலையரசனுக்கு, கழுதையை விற்க மனசு வராமல் சந்தை சந்தையாகச் சுற்றும் பனிமலைக் கிழவனின் படம். அது எந்த நாட்டுப் பாஷை என்று அவளுக்கே தெரியாது. விடுதித் தெருவில் இருந்த சி.டி. வாடகைக் கடை மூடப்பட்டபோது, யாரும் சீண்டாத வெளிநாட்டுப் படங்களைக் கோணியோடு வாங்கி வந்தவள். கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படிக்க வராது. முகங்களைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொள்வாள்.

யாருக்கு எதைச் சொல்லக்கூடாது என்பதிலும் கறாராக இருப்பாள். மீன் விற்கும் தமிழரசியின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். கடல் வருகிற எந்தப் படத்தையும் ஃபக்ருன்னிசா தமிழரசியிடம் சொன்னதில்லை.

செல்போன் கடை வைத்திருக்கும் தங்கை மகன் தௌசிஃப், அவள் படங்களைப் பற்றிப் பேசுவதை வீடியோ எடுத்து 'டைலரம்மா சாய்ஸ்' என்று போட ஆரம்பித்தான். அவளும் ஆசையாகத்தான் பேசினாள். பார்க்கிறவர்கள் பெருகினார்கள்.

ஒரு மத்தியானம் தமிழரசி வந்தாள். கூடையை வாசலில் இறக்கினாள். உட்காரவில்லை.

"நீதானக்கா சொன்ன, குடும்பத்தோட பாருங்கன்னு? புள்ளைய இட்டுகினு செங்கல்பட்டு போயி பாத்தேன்."

"நான் எந்தப் படத்தையும் சொல்லலியே தமிழு!"

தமிழரசி போனை நீட்டினாள். அதில் ஃபக்ருன்னிசாவேதான் பேசினாள். "கண்ணு கலங்கிடும். குடும்பத்தோட பாருங்க." கழுதைக்காரக் கிழவனைப் பற்றி எப்போதோ சொன்னது. அதை வெட்டி, புதிதாக ரிலீஸான ஏதோ ஒரு படத்தின் போஸ்டரோடு ஒட்டியிருந்தார்கள்.

"அந்தப் படத்துல இன்னா கீது?"

"கடல்ல செத்தவன் பொணம் கரையில ஒதுங்குது. அத்த வெச்சி காமெடி பண்றானுங்கக்கா. தியேட்டரே சிரிக்கிது. எம்புள்ள மட்டும் என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தான்."

திட்டியிருந்தால்கூட ஃபக்ருன்னிசா தாங்கியிருப்பாள். தமிழரசி கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கழுத்தில் கிடந்த டேப்பைக்கூடக் கழற்றாமல் தௌசிஃபின் கடைக்குப் போய் நின்றாள் ஃபக்ருன்னிசா.

"படக் கம்பெனிக்காரன் கேட்டான், வெட்டிக் குடுத்தேன் பெரிம்மா. எல்லாரும் பண்றதுதான். நீ பேசுனதுதான அது? நான் புதுசா இன்னா சேத்தேன்?"

"ஒரே படத்த ஊருக்கே சொல்றவளாடா நான்? அவங்கவங்க மனசு அறிஞ்சி சொல்றேன். தமிழரசிக்குப் போயி இத்த சொல்வனாடா?"

"சரி வுடு, டிலீட் பண்ணிடறேன்."

"அவ பாத்தத டிலீட் பண்ணுவியா?"

கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தௌசிஃப் தலையைக் குனிந்துகொண்டு யாருடைய போனையோ துடைத்தான்.

மறுநாள் சாயங்காலம் அவள் செங்கல்பட்டுக்குக் கிளம்பினாள். புருஷன் நூர்முகமது தடுத்துப் பார்த்தார். "பேஜாரு வேணாம் ஃபக்ரு. ஊரே சிரிக்கும்."

"ஒருத்தியோட துக்கத்துக்கே சிரிச்சிட்டாங்க. என்னப் பாத்தும் சிரிக்கட்டும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

தியேட்டர் வாசலில் நின்று உரக்கச் சொன்னாள்: "இந்தப் படத்த நான் பாக்கல. பாருங்கன்னு யாருக்கும் சொல்லல. அந்த வீடியோ பொய்." சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும், "வாங்க, போயிடலாம்" என்று புருஷனை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். மற்றவர்கள் உள்ளே போனார்கள். வாட்ச்மேன், "வழிய வுடும்மா" என்றார். இரண்டு பையன்கள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார்கள்.

அந்த வீடியோவும் பரவியது. படக் கம்பெனிக்காரர்கள் கொஞ்சமும் கூசவில்லை. 'டைலரம்மாவையே கொந்தளிக்க வைத்த படம்' என்று அதையும் விளம்பரமாக்கினார்கள். அதைப் பார்த்த அன்று ஃபக்ருன்னிசா தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைப் பாதியில் போட்டாள். கடையைச் சாத்திவிட்டுக் குப்பத்துக்கு நடந்தாள்.

தமிழரசி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "பாத்தேன்க்கா. எனக்காவ அங்க போயி நின்னியா?"

"போயி இன்னா ஆச்சி? அவனுங்களுக்குத்தான் லாபம்."

"நாசமாப் போவானுங்க" என்று தொடங்கினாள் தமிழரசி. ஃபக்ருன்னிசாவும் சேர்ந்துகொண்டாள். கம்பெனியை, தௌசிஃபை, சிரித்த ஜனங்களை, தொண்டை வறளும்வரை இருவரும் திட்டித் தீர்த்தார்கள்.

பெருநாள் நெருங்கியபோது தங்கை போன் செய்தாள். "அவன் சரியா சாப்புடக்கூட மாட்டேங்கிறான் அக்கா. மன்னிச்சிடேன்."

"சாப்புடச் சொல்லு. இங்க மட்டும் வரச் சொல்லாத" என்று சொல்லிப் போனை வைத்தாள் ஃபக்ருன்னிசா.