உதட்டில் நின்ற அரிசி

சித்தப்பாவின் சாவை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வராது. அவர் உதட்டில் நின்ற பச்சரிசிதான் வரும். வாய்க்கரிசி போட்டபோது அது உள்ளே போகவில்லை. பல் கிட்டித்து, தாடை இறுகி, வாய் ஒரு கோடாக மூடியிருந்தது. சித்தி பித்தளைத் தட்டிலிருந்து அள்ளிப் போட்ட அரிசி உதட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு கன்னத்தில் சரிந்து பாயில் விழுந்தது. செஞ்சி கடைத்தெருவில் எங்களுடையது அரிசிக் கடை. அந்த அரிசியும் எங்கள் கடை மூட்டையிலிருந்து எடுத்ததுதான். கூட்டத்தில் ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம், "அவ கை அரிசியை வாங்கல பாரு" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அன்று பொழுது சாய்வதற்குள் அந்தப் பேச்சு அவலூர்பேட்டை வரைக்கும் போய்விட்டது.

எங்கள் குடும்பத்துக்குச் சந்தேகம் ஒரு தொழில். மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டினால் நாங்கள் நம்ப மாட்டோம். குத்தூசியை மூட்டையின் நடு வயிற்றில் குத்தி, உள்ளே இருக்கும் அரிசியை உள்ளங்கையில் சரித்துப் பார்ப்போம். மேலே நல்லதை வைத்து அடியில் கழிசலைத் திணிக்காத வியாபாரி இன்னும் பிறக்கவில்லை என்பது நைனாவின் தீர்மானம். நைனா என்றால் என் அப்பா, சித்தப்பாவின் ஒரே அண்ணன். மனிதர்களையும் அவர் அப்படித்தான் குத்திப் பார்ப்பார். இந்தக் குணம் எனக்கும் குறையில்லாமல் இறங்கியிருக்கிறது. யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறான் என்றுதான் முதலில் தோன்றும். என் மனைவி இதைச் சொல்லிக் கேலி செய்யாத நாள் இல்லை.

சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. வயிற்று வலி என்று சுருண்டு படுத்தவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். குடல்வால் அழுகும் நிலையில் இருக்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். நல்ல திடகாத்திரமான ஆள், அரிசி மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றி லாரியில் போடுவார். ஆபரேஷனுக்கு உள்ளே போனவர் உயிரோடு திரும்பவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். மூட்டை தூக்கிய மார்பில் அந்த வயதில் இதயம் எப்படி நிற்கும் என்று நைனா கேட்டார். கேள்வி தவறில்லை. பதிலைத் தேடிப் போன திசைதான் தவறு. வார்டில் சித்தப்பா படுத்திருந்த கட்டிலுக்கு அடியில் ஒரு டம்ளர் கிடந்தது. ஆபரேஷனுக்கு முன் எதுவும் குடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சித்தி எதையோ குடிக்கக் கொடுத்ததைப் பார்த்தேன் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். என்ன கொடுத்தாய் என்று நைனா கேட்டபோது சித்தி தலையைக் குனிந்துகொண்டார், வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அரிசி உதட்டில் நின்றது. நைனாவுக்கு அதற்கு மேல் விசாரிக்க எதுவும் இருக்கவில்லை, டம்ளரில் இருந்தது விஷம்தான்.

போலீசுக்கு யாரும் போகவில்லை. காரியம் முடிந்ததும் சித்தியின் அண்ணன் வந்து அவரை அனந்தபுரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே தையல் மெஷின் போட்டுப் பிழைத்தார். மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்த பாவம் மனசில் உறுத்துகிறது, அதனால்தான் என்றார் நைனா. செய்துகொண்டிருந்தால் இதற்காகத்தான் அவனைத் தீர்த்தாள் என்றிருப்பார். எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் சித்தியைக் கூப்பிடவில்லை. நூலும் லைனிங் துணியும் வாங்கச் செஞ்சிக்கு வருவார், எங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். எதிர்ச் சாரியில் நடப்பார், கழுத்து இந்தப் பக்கம் திரும்பாது. புதுப்பெண்ணாக வந்த நாளில் என் பள்ளிச் சட்டைக்குப் பித்தான் வைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துத் தந்தவர் அவர். அது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் தப்பு செய்யாதவள் ஏன் நேராகப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் வளர்ந்தேன்.

போன வருஷம் என் மகள் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைப் படியில் சறுக்கி விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டாள். எட்டு வயது. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். எலும்பைக் கம்பி வைத்துப் பொருத்த வேண்டும், சின்னக் குழந்தை என்பதால் முழு மயக்கத்தில்தான் செய்ய முடியும் என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஓர் இளம்பெண். வீட்டில் யாருக்காவது ஆபரேஷனில் ஏதாவது ஆனதுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கில் சித்தப்பா ஆபரேஷனில் சாகவில்லை, சித்தியால் செத்தார்.

குழந்தையை உள்ளே கொண்டுபோகக் கொஞ்ச நேரம் இருந்தபோது வராந்தாவில் சித்தி வந்து நின்றார். கடைத்தெருவில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். நைனா எழுந்துவிட்டார். "இவ எதுக்கு வந்துக்கிறா?" என்று என்னைக் கேட்டார், அவரைக் கேட்கவில்லை. என் மனைவி குழந்தையைப் போர்வையோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சித்தி எங்கள் பக்கம் பார்க்கவேயில்லை. மயக்க மருந்து டாக்டரின் அறை எது என்று நர்சிடம் கேட்டு நேரே உள்ளே போனார். என்ன சொல்லிக் காரியத்தைக் கெடுக்கப் போகிறாரோ என்று நான் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"பாப்பாவுக்கு ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்க வாணாம்னு சொல்லுங்க டாக்டர்" என்றார் சித்தி. "அழுவும். அழுதாலும் குடுக்கக் கூடாது. எங்க வீட்டுக்காரரு நாக்கு வறண்டு போவுதுன்னு கெஞ்சினாரு. மனசு கேக்காம ஒரு வாய் டீ குடுத்துட்டேன். அதுலதான் போய்ட்டாரு."

கட்டிலுக்கு அடியில் கிடந்த டம்ளரில் இருந்தது டீ. விஷம் என்று ஊர் சொன்னபோதும் இவர் மறுக்காததற்குக் காரணம் இதுதான். தான்தான் கொன்றோம் என்று இவரும் நம்பியிருக்கிறார். டாக்டர் ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு, கணவர் எப்படி இறந்தார், மூச்சு அடைத்ததா என்று கேட்டார். சித்தி யோசித்துச் சொன்னார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெளிய கொண்டாந்ததும் தொட்டேன். உடம்பு அப்படிச் சுட்டுச்சு. செத்தவங்க உடம்பு எங்கனா சுடுமா? கட்டையாட்டம் விரைச்சிக்கினு இருந்தாரு. வாய்க்கட்டு கட்டலாம்னு பார்த்தா தாடை அப்பவே பூட்டிக்கினு இருந்துது."

டாக்டரின் கையில் இருந்த பேனா நின்றுவிட்டது. எவ்வளவு நேரத்தில் விரைத்தது என்று கேட்டார். வெளியே கொண்டுவரும்போதே என்றார் சித்தி. டாக்டர் கதவோரம் நின்ற என்னைப் பார்த்து, இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு, சொந்த ரத்தமா என்று கேட்டார். அப்பாவின் கூடப் பிறந்த தம்பி என்றதும் போனை எடுத்து, குழந்தையை உள்ளே கொண்டுவர வேண்டாம் என்றார். பிறகு சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "டீயால இல்லம்மா. டீ இப்படி உடம்பை எரிக்காது" என்றார். சித்தி நம்பவில்லை. நீங்கள் எனக்காகச் சொல்கிறீர்கள் என்றார். சந்தேகம் அவருக்கும் தொற்றியிருந்தது, தன் மேலேயே.

ஆபரேஷன் மறுநாள் நடந்தது. மெஷினில் ஒட்டியிருக்கும் மயக்க வாயுவைக்கூட வெளியேற்றிவிட்டு, ஊசி வழியே வேறு மருந்து மட்டும் கொடுத்துச் செய்தார்கள். ஆபரேஷன் பில்லை ஏற்ற ஒரு நாடகமோ என்ற நினைப்பும் எனக்கு வந்தது, மறைப்பானேன். குழந்தை கண் விழித்து, பசிக்கிறது என்றாள். அதற்குப் பிறகு என் ரத்தத்தையும் அவள் ரத்தத்தையும் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கினார். நான் நம்பாமல் திருப்பித் திருப்பிக் கேட்டேன், அவரும் சலிக்காமல் சொன்னார்.

தசை நார் ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றனவாம். அவற்றில் கால்சியம் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கையை மடக்கச் சொல்லி மூளையிலிருந்து நரம்பு வழியே ஆணை வந்ததும் அந்தப் பைகளின் கதவுகள் திறக்கும். கால்சியம் பாயும், நார் சுருங்கும். உடனே கதவு மூடி, வெளியே வந்த கால்சியத்தைத் திரும்ப உள்ளே இறைத்துக்கொண்டால்தான் தசை தளரும். நாம் கண் இமைப்பதும் மூட்டை தூக்குவதும் இந்தக் கதவுகளின் வேலை. எங்கள் குடும்பத்தில் சிலருக்கு அந்தக் கதவின் தாழ்ப்பாள் பிறவியிலேயே தளர்வு. சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. மயக்கத்துக்குக் கொடுக்கும் சில வாயுக்களும் ஒரு குறிப்பிட்ட ஊசியும் பட்டால் மட்டும் கதவு திறந்தது திறந்தபடி நின்றுவிடும். உடம்பின் தசையெல்லாம் ஒரே நேரத்தில் இறுகும், விடாமல் எரியும், உடம்பு கொதிக்கும். முதலில் தாடை பூட்டிக்கொள்ளும். இதை அடக்கும் மருந்து ஒன்று உண்டு, நம் பக்கம் எளிதில் கிடைக்காது. முன்பே தெரிந்திருந்தால் தப்பிக்கலாம்.

அப்படியானால் இதயம் நின்றுவிட்டது என்றார்களே, அங்கேயும் கதவு கெட்டிருந்ததா என்று மடக்கினேன். இதயத்தில் இருப்பது அதே குடும்பத்துக் கதவுதான், ஆனால் வேறு கதவு என்றார். கை கால் தசையில் ஆணை வந்ததும் கதவை நேராகப் பிடித்து இழுக்க ஒரு புரதம் இருக்கிறது. இதயத்தில் அப்படி இழுப்பதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே வர வேண்டும், அது பட்டுத்தான் பெரிய கதவு திறக்கும். பம்புசெட்டுக்கு முதலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவோமே, அதுபோல என்று நான் சொன்னேன், சரிதான் என்று சிரித்தார். சித்தப்பாவின் இதயக் கதவு நன்றாகத்தான் இருந்திருக்கும். எரிந்து உடைந்த தசைகள் கொட்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி அதை நிறுத்தியிருக்கும். ஆக, அந்த இதயத்தின் மேலும் வீண் பழிதான். கூடவே ஒன்று உறைத்தது. தாடை பூட்டியிருந்தால் யார் போட்ட அரிசியும் உள்ளே போயிருக்காதே.

வீட்டுக்கு வந்து, அன்று நீ போட்ட வாய்க்கரிசி உள்ளே போனதா என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "என் அரிசியுந்தான் வெளிய நின்னுது. நான்தான் தொடச்சிவிட்டேன்" என்றார். எல்லார் அரிசியும் நின்றிருக்கிறது. ஊர் பார்த்தது சித்தியின் அரிசியை மட்டும்.

நைனாவிடம் சொல்வது அத்தனை சுலபமாக இல்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி முழுவதையும் கேட்டார். கால்சியம் என்றால் இன்னா என்றார். சுண்ணாம்புச் சத்து நைனா என்றேன். அவ்வளவுதான், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "சுண்ணாம்பா? தெனம் அவனுக்கு வெத்தல மடிச்சிக் குடுத்ததே அவதான்டா." எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு இல்லை, எல்லார் உடம்பிலும் இருப்பது, கோளாறு கதவில் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கடைசியில், அந்தக் கதவு எனக்கும் என் மகளுக்கும் இருக்கிறது, அம்மா வழியில் வரவில்லை, உங்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றேன். நைனா தன் முன்னங்கையை அரிசியைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றபோது மாட்டேன் என்று சொல்லவில்லை.

சித்தியை அழைத்து வர நானே அனந்தபுரம் போனேன். மரபணு முடிவையும் டாக்டர் சொன்னதையும் சொன்னேன். மெஷினில் கால் வைத்தபடியே கேட்டார். கேட்டு முடித்து, "எங்கம்மா சாவற வரைக்கும் என்னை ஒரு மாதிரிதான் பார்த்துச்சி" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டுதான் செஞ்சிக்குத் திரும்பினேன், பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்தோம். மகளுக்கு வலது கையில் இன்னும் கட்டு, யாராவது ஊட்ட வேண்டும். அவளுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. பக்கத்தில் இருந்த சித்தியைப் பாட்டி முறை சொல்லி, "சின்ன ஆயா, நீ ஊட்டு" என்று சொல்லிவிட்டாள். என் மனைவியின் கை கரண்டியோடு நின்றது. சித்தி தட்டைத் தொடவில்லை. தலையைத் தூக்கி நைனாவை நேராகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் நைனாவை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. நைனாதான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஊட்டும்மா. சோறு ஆறிப் போவுது" என்றார்.

சித்தி ரசத்தில் குழைந்த சோற்றை விரல் நுனியில் எடுத்தார். நானும் நைனாவும் அம்மாவும் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். உதட்டில் ஒரு பருக்கை மட்டும் ஒட்டி நின்றது. அதை நாக்கால் உள்ளே இழுத்துக்கொண்டு, அடுத்த வாய்க்கும் திறந்தாள்.