நல்ல லைன் தேடிய பன்னிரண்டு வருஷம்

இன்டர்நெட் கடை நடத்துகிறவர்கள் காலையில் கதவைத் திறந்ததும் முதலில் சாமி படத்தைப் பார்ப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மொடத்தில் விளக்கு எரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். என் கடையில் மாதா படத்தை மொடத்துக்கு நேர் மேலே மாட்டியிருந்தேன். ஒரே பார்வையில் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில், பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ரோட்டில், நானும் என் கணவரும் அந்தக் கடையைத் திறந்தோம். முதலில் வெளிநாட்டுக் கோல், போட்டோ கொப்பி, பெக்ஸ். ஒரு வருஷம் போனதும் ஒரு கொம்பியூட்டர் வாங்கினோம். அவர் பஸ் ஓட்டப் போய்விடுவார்; கடை என் கையில். நான் யாருக்கும் பாடம் எடுத்தவள் இல்லை, இருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் நான் ரோஸ்லின் மிஸ். வீட்டுக்கோ கடைக்கோ லைன் எடுத்துவிட்டு, கம்பெனிக்குப் போன் பண்ணி, அவர்கள் போடுகிற சங்கீதத்தை அரை மணி நேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றவர் யாராக இருந்தாலும் எனக்குச் சொந்தக்காரர்தான். அந்தச் சொந்தங்களுக்காக இதை எழுதுகிறேன்.

தலைப்பாகை வரை

அப்போது கடைக்கு ஒரே ஒரு டெலிபோன் லைன். இன்டர்நெட் ஓடினால் கோல் எடுக்க முடியாது, யாராவது ரிசீவரைத் தூக்கினால் இன்டர்நெட் அறுந்துவிடும். மொடம் கீச்சென்றும் கர்ரென்றும் கத்தி முடித்து, கனெக்ஷன் கிடைத்ததும், "யாரும் போனைத் தொடாதீங்க!" என்று வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர் ஒருவர் இருந்தார். கனடாவில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். இவரால் போக முடியவில்லை. தங்கை ஒரு போட்டோவை ஈமெயிலில் அனுப்பியிருந்தாள். அதைப் பார்க்க மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கல்யாணத்துக்கே வந்தவர் போல வந்து உட்கார்ந்தார். படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது. முதலில் மண்டபத்துக் கூரை. பிறகு மணவறைச் சோடனை. இருபது நிமிஷம் கழித்து மாப்பிள்ளையின் தலைப்பாகையும் பெண்ணின் நெற்றிச்சுட்டியும் தெரிந்தன. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, கோல் எடுக்கிற பூத்துக்குள் நின்ற ஒருவர் கொழும்புக்குப் பேச ரிசீவரைத் தூக்கிவிட்டார். எல்லாம் நின்றுபோனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாஸ்டர் எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, என்னைத்தான் தேற்றினார்: "பிள்ளை, மாப்பிள்ளையின்ர தலைப்பாகை நல்லாத்தான் கிடக்கு. முகத்தை நாளைக்கு வந்து பாக்கிறன்."

யார் வருவாங்க?

அதற்குப் பிறகு இன்டர்நெட்டுக்கென்று தனி லைன் எடுக்கத் தீர்மானித்தேன். மூன்று கம்பெனிகளிலிருந்து டை கட்டிய மூன்று பேர் வந்தார்கள். மூவரும் வேகத்தைப் பற்றியே பேசினார்கள். நான் மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "மழை நாள்ல லைன் விழுந்தா சரிபண்ண யார் வருவாங்க, எங்கேருந்து வருவாங்க?" முதல் ஆள் கொழும்பு என்றார். இரண்டாவது ஆள், லைன் விழவே விழாது என்றார். மூன்றாவது ஆள் கொஞ்சம் யோசித்து, "எங்க டெக்னீஷியன் வீடு ஹாலிஎலயில" என்றார். ஹாலிஎல பதுளைக்கு அடுத்த ஊர். மூன்றிலும் மெதுவான லைன் அவர்களுடையதுதான். அதையே எடுத்தேன். கணவர் ஒரு வாரம் சிரித்தார்.

ஒக்டோபரில் இடி இடித்தது. மொடத்திலிருந்து கறுப்பாக ஒரு புகை வந்து, ரப்பர் கருகிய வாடை அடித்தது. ஹாலிஎல டெக்னீஷியன், சிங்கள மனுஷன், மழைக்கோட்டோடு மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் வந்தார். புது மொடத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொண்டு வந்திருந்தார். அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது, வேறு கம்பெனிக்கு மாறினால் இது நடக்காதா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. என்னைச் சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டு, தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார்: "நங்கி, இடி கம்பெனி பாத்து விழுறது இல்ல. மழை வாற நேரம் வயர கழட்டி வைங்க."

வெள்ளிக்கிழமை அம்மா

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். மகளுக்கு ஏழு வயது. மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். போய் இரண்டு வருஷமாகியிருந்தது. அந்த வீட்டுப் பெண் நல்லவள் போல; வெள்ளிக்கிழமை மத்தியானம் தன் கொம்பியூட்டரில் அரை மணி நேரம் கொடுத்தாள். நாங்கள் அந்த வருஷம்தான் புது வேக லைனும் கெமராவும் போட்டிருந்தோம். முதல் வெள்ளிக்கிழமை அம்மாவின் முகம் திரையில் வந்தபோது, பிள்ளை அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குரல் தெரியும், முகத்தை மறந்திருந்தாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது வாரம்தான் பேச ஆரம்பித்தாள். ஸ்கூல், பல் விழுந்தது, ஆட்டுக்குட்டி என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்கும்போது படம் உறைந்துவிட்டது. அம்மா கையை உயர்த்திய மாதிரியே நின்றாள். சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய், "இரும்மா, திரும்ப கனெக்ட் பண்ணித் தாறேன்" என்று கீபோர்டைத் தொடப் போனேன். பிள்ளை என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்: "வேணாம் மிஸ். அசையாம இருக்காங்கல்ல, நா பேசி முடிக்கிற வரைக்கும் எங்கயும் போக மாட்டாங்க."

கிழங்கு மூட்டைப் பரீட்சை

நாளாக ஆக, கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "எங்க எடத்துக்கு எந்த லைன் நல்லது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெலிமடையில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் மொத்தமாக வாங்கி அனுப்பும் முதலாளி ஒருவர் என்னை நேரில் வந்து பார்க்கச் சொன்னார். கொழும்புக் கடைகள் எல்லாம் ஓடரை ஈமெயிலில் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்களாம். வயர் இல்லாத இன்டர்நெட் வந்திருந்த காலம் அது. கொம்பியூட்டரில் செருகும் சின்னச் சாதனம். ஸ்டோர் பள்ளத்தில் இருந்தது, சுற்றிலும் மலை. நான் ஒன்றுதான் சொன்னேன்: "பேப்பர்ல கையெழுத்து வைக்க முன்னாடி, நீங்க உக்காந்து வேலை செய்ற எடத்துலயே போட்டுக் காட்டச் சொல்லுங்க."

அவர் இரண்டு கம்பெனிக்காரர்களை ஒரே நாளில் கூப்பிட்டுவிட்டார். மேசைக்குப் பக்கத்திலிருந்த கிழங்கு மூட்டைகளில் இருவரையும் உட்கார வைத்து, ஆளுக்கொரு ஈமெயில் எனக்கு அனுப்பச் சொன்னார். ஒருவருடைய மெயில், கணவர் என் கடையில் உட்கார்ந்து பார்த்துப் போனில் சொல்ல, ஐந்து நிமிஷத்தில் வந்தது. மற்றவர் மூட்டையிலிருந்து எழுந்து, கதவுக்குப் போய், முற்றத்துக்குப் போய், கடைசியில் லொறிக்கு மேலேயே ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து, அடுத்த மாதம் புது டவர் வருகிறது, இப்போதே எடுத்து வைத்தால் மலிவு என்றார். முதலாளி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அடுத்த மாசம் கெழங்கு வரும்னு சொல்லி நா யாருக்காவது இன்னைக்கு வெறுஞ் சாக்க வித்திருக்கேனா?"

எதிர்க்கடை

இப்படி ஊருக்கு யோசனை சொன்ன நானே ஒருமுறை ஏமாந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். புதிதாக வந்த ஒரு கம்பெனியின் பளபளப்பான நோட்டீஸைப் பார்த்து, பழைய லைனை வெட்டிவிட்டு அவர்களிடம் போனேன். இரண்டு மாதம் லைன் பறந்தது. மூன்றாவது மாதம் ஒரு நாள் பகல், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் டொக்டர் ஒருவர் வியர்த்துக்கொண்டு வந்தார். என் பழைய வாடிக்கைக்காரர். கொழுந்து பறிக்கும் மலையில் சறுக்கி விழுந்த ஒரு பெண்ணுக்குக் கழுத்தில் அடி. எக்ஸ்ரே படத்தைக் கெமராவில் எடுத்திருந்தார். அதைக் கொழும்பில் இருந்த தன் பேராசிரியருக்கு அனுப்பி, அவளை கொழும்புக்குப் போகிற மலை வளைவுப் பாதையில் அம்புலன்ஸில் ஏற்றலாமா, கூடாதா என்று கேட்க வேண்டும். நான் மொடத்தைப் பார்த்தேன். விளக்கு இல்லை. கம்பெனிக்குப் போன் பண்ணினால் சங்கீதம்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஃபாரூக் நானாவின் கடை; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். ஆறு வருஷமாக எங்களுக்குப் போட்டி; ரோட்டில் நேருக்கு நேர் கண்டாலும் சிரித்துக்கொள்ள மாட்டோம். நான் வெட்டிவிட்ட அதே பழைய கம்பெனி லைனைத்தான் அவர் வைத்திருந்தார். டொக்டரின் முகத்தைப் பார்த்தேன், வெட்கத்தை விட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். நானா, உட்கார்ந்திருந்த வாடிக்கைக்காரரை எழுப்பிவிட்டு இடம் கொடுத்தார். படங்கள் போயின. மூவரும் திரையைப் பார்த்தபடியே இருந்தோம். முக்கால் மணி நேரத்தில் பதில் வந்தது: அசைக்க வேண்டாம், அங்கேயே வைத்திருங்கள், நான் ஆளை அனுப்புகிறேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனதாக டொக்டர் வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு நானாவும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இருவரும் ஒரே கம்பெனியில் இருக்கக் கூடாது; யாருடைய லைன் விழுந்தாலும் வாடிக்கைக்காரரை எதிர்ப்பக்கம் அனுப்பிவிட வேண்டும். கடைசி வரை அப்படியே நடந்தது. ஆனால் அன்றைக்கு நன்றி சொல்லிவிட்டு வாசலில் இறங்கிய என்னிடம் அவர் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை: "தங்கச்சி, ஒங்கட கஸ்டமர நான் இழுக்கல்ல. லைன் இருக்கிற கட தான் இன்னைக்கி கட, நாளைக்கி அது ஒங்கட கடயா இருக்கும்."

சத்தமா வாசிங்க

பரீட்சை முடிவுகள் இன்டர்நெட்டில் வர ஆரம்பித்த காலத்தில், அந்த ஒரு நாள் போதும் எங்கள் தொழிலை வெறுக்க. நாடு முழுக்க ஒரே பக்கத்தைத் திறக்கும்போது எந்தக் கம்பெனி லைனாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதை வாசலில் நிற்கும் நாற்பது பேருக்கு விளங்கப்படுத்த முடியுமா?

கொஸ்லந்தையிலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அன்றைக்கு லீவு போட்டிருந்தார். அவர்கள் லயத்து வரிசை வீடுகளில் உயர்தரப் பரீட்சை வரை போன முதல் பிள்ளை அவள்தான். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை அவள் பரீட்சைச் சுட்டெண்ணை அடித்துக்கொண்டே இருந்தேன். பக்கம் பாதி திறக்கும், வெள்ளையாகிவிடும். அவள் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு, தாவணி நுனியைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள். பதினொன்றே முக்காலுக்குத் திறந்தது. மூன்று பாடமும் சித்தி, எல்லாம் பாஸ், அதில் ஒன்று ஏ. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அப்பா திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. நான் பிரின்ட் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, திரும்ப என்னிடமே நீட்டினார்: "மிஸ், இதுல இருக்கிறத ஒரு தடவ எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க. மார்க்கு வேணாம், அவ பேர் மட்டும் போதும்."

திட்டுவதற்கு ஓர் ஆள்

பிறகு வீட்டுக்கு வீடு லைன் வந்தது. பையிலேயே இன்டர்நெட்டைக் கொண்டு திரிந்தார்கள். கடையில் பன்னிரண்டு கதிரைகளில் பத்து காலியாகக் கிடந்தன. மாதக் கடைசியில் மூடப்போகிறோம் என்று கதவில் எழுதி ஒட்டினேன்.

பசறையில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருத்தி, வாரத்தில் ஒரு நாள் பிளவுஸ் டிசைன் பார்க்க வருகிறவள், நாலைந்து மாதம் வராமல் இருந்து அந்த வாரம் வந்தாள். வீட்டுக்கு லைன் எடுத்துவிட்டாளாம், சந்தோஷமாகச் சொன்னாள். எந்தக் கம்பெனி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு நாளாக வேலை செய்யவில்லை என்றாள். பிறகு ஏன் அவர்களுக்குப் போன் பண்ணாமல் இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தாய் என்று கேட்டேன். பழைய கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே சொன்னாள்: "போன்ல மெஷின் பேசுது மிஸ், அதத் திட்டி என்ன ஆகப்போவுது? ஒங்களத் திட்டினாத்தான் எனக்கு மனசு ஆறும்."

பன்னிரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் எந்த லைன் நல்லது என்று சொல்லிக்கொடுத்த ரோஸ்லின் மிஸ், இதை உங்களுக்கு ஈமெயிலில் அனுப்ப நினைத்து, வீட்டு லைன் காலையிலிருந்து விழுந்து கிடப்பதால், தபாலில்தான் போடுகிறாள்.