இரண்டாம் பாகம் வேணும்

ஒரு கதை பாதியில நிண்டால் மற்றாக்களுக்கு எப்பிடியோ தெரியாது, எனக்கு விசர் வந்திடும். எங்கடை ஊர் நூலகத்தில எடுத்த ஒரு நாவல் அப்பிடித்தான் என்னை அந்தரத்தில விட்டது. கதையில ஒருத்தியின்ரை புருசன் கடலுக்குப் போறான், வள்ளம் திரும்பேல்லை. அவள் தேடாத கரையில்லை. கடைசியில, தெற்குப் பக்கம் ஒரு துறைமுகத்தில அவனைப் போல ஒருத்தனைக் கண்டதெண்டு ஆரோ சொல்ல, அவள் பஸ் ஏறுறாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால், முதலாம் பாகம் முற்றும்!

என்ரை அண்ணையும் அப்பிடித்தான். வடமராட்சிக் கரையிலயிருந்து ஒரு நாள் வலையோட தொழிலுக்குப் போனவர், வரேல்லை. உடம்பும் வரேல்லை, வள்ளமும் வரேல்லை. அங்கை கண்டது, இஞ்சை கண்டதெண்டு கதைச்சவையின்ரை வாயைப் பாத்தே என்ரை தலை நரைச்சுப் போச்சு. அண்ணைக்கு என்ன நடந்ததெண்டு இனி எனக்குத் தெரியப் போறதில்லை. கதையில வாற இந்தப் பெட்டையின்ரை முடிவையாவது அறியாமல் விடுறதில்லையெண்டு அண்டைக்கே நினைச்சிட்டன்.

நூலகர் ஒரு இளம் பிள்ளை. "தங்கச்சி, இதின்ரை ரெண்டாம் பாகம் எங்கை?" எண்டு கேட்டன். "அது நாங்கள் வாங்கினதில்லை அன்ரி, அன்பளிப்பு" எண்டா. உண்மைதான், முன்பக்கத்தில கோட்டுப் போட்ட ஒரு ஐயாவின்ரை படம் ஒட்டிக் கிடந்தது. இப்ப செத்தவீடு முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோட முடியிறேல்லை. வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் செத்தவரின்ரை ஞாபகமாய் ஊர் நூலகங்களுக்குப் புத்தகமும் குடுக்கினம். நல்ல விசயந்தான், குறை சொல்லேல்லை.

கரவெட்டி நூலகத்தில இருக்குமோ எண்டு பஸ் ஏறிப் போனன். அங்கையும் அதே நாவல். திறந்தால் அதே ஐயா, அதே கோட்டோட என்னைப் பாத்துச் சிரிக்கிறார். நல்லூரில இருக்கிற மச்சாளுக்குப் போன் அடிச்சு, அங்கத்தை நூலகத்தில பாக்கச் சொன்னன். "எடியே, கோட்டுப் போட்ட ஒரு மனுசன்ரை படம்..." எண்டு அவ துவங்கவே போனை வைச்சிட்டன். பாவங்கள், அந்த ஐயாவின்ரை பிள்ளையள் அட்டையில முதலாம் பாகமெண்டு கிடக்கிறதைப் பாக்காமல், அதையே கட்டுக்கட்டாய் வாங்கிக் குடாநாடு முழுக்கக் குடுத்திருக்கினம். சிரிக்கிறதோ அழுகிறதோ சொல்லுங்கோ!

"அப்ப நூலகம் வாங்கட்டும்" எண்டு திரும்பி வந்து நூலகரிட்டைச் சொன்னன்.

"என்ன வகுப்புப் பிள்ளைக்கு அன்ரி?"

"பிள்ளைக்கில்லை. எனக்கு."

அவ என்னை ஒரு மாதிரிப் பாத்தா. வாசகர் வட்டம் சிபாரிசு செய்யவேணுமாம், அவை பிள்ளையளின்ரை சோதனைக்கான புத்தகங்களைத்தான் கேப்பினமாம். கனடாவில இருக்கிற தம்பி, "ஏன் இந்தக் கரைச்சல், நான் வாங்கி அனுப்புறன்" எண்டான். எனக்குக் கோவம் மூக்குக்கு மேல வந்திட்டுது. "நீ அனுப்பினால் என்ரை அலுமாரிக்கை கிடக்கும். பாதியோட நிக்கிற மற்றச் சனம் என்ன செய்யிறது? நூலகத்தை நடத்துற பிரதேச சபைக்கு வீட்டுச் சோலைவரி கட்டுறனான், நான் அவையிட்டைத்தான் கேப்பன்" எண்டு சொல்லிப்போட்டன்.

வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் போனால் எல்லாரும் பென்சன் எடுத்த வாத்திமார், பொம்பிளையெண்டு நான் ஒருத்திதான். தலைவர் முந்திப் பள்ளிக்கூட அதிபராய் இருந்தவர். "பிள்ளையளின்ரை படிப்புக்குப் பிரயோசனமானதைத்தான் நாங்கள்..." எண்டு துவங்கினார்.

"சேர், பிள்ளையளுக்கு ரியூசன் இருக்கு, போன் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? இந்த ஊரில ஒரு புதுக்கதை வாசிக்கிறதெண்டால் ஆரும் சாகவேணுமோ?"

"ஒரு கதைக்கு இவ்வளவு பிடிவாதமோ பிள்ளை?" எண்டு தலைவர் கேட்டார். அண்ணையைப் பற்றிச் சொன்னன். அழக்கூடாதெண்டுதான் போனனான், குரல் உடைஞ்சு போச்சு. எண்டாலும் சிபாரிசு செய்யேல்லை, அடுத்த கூட்டத்தில பாப்பமெண்டு சொல்லிச்சினம். அடுத்த கூட்டத்துக்கும் போனன். அதுக்கடுத்ததுக்கும் போனன். என்னைக் கண்டாலே தலைவர் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கத் துவங்கிடுவார். கடைசியில, "சரி, இந்தப் புத்தகத்தையும் சிபாரிசில எழுதுங்கோ" எண்டார்.

புத்தகம் வந்திட்டுதெண்டு நூலகர் போன் எடுத்தா. சோத்துக்கையைக் கழுவிப்போட்டு ஓடினன். நான் போய்ச்சேர அந்தப் பிள்ளை முழிக்குது. "அன்ரி, குறை நினையாதேங்கோ. தலைவர் வந்தவர், கண்டவுடனே எடுத்துக்கொண்டு போயிட்டார்."

எனக்குச் சன்னதம் வராத குறை. நேரே தலைவரின்ரை வீட்டை போனன். மனுசன் விறாந்தையில புத்தகமும் கையுமாய் இருக்குது, கண் ரெண்டும் சிவந்து போயிருக்கு.

"வா பிள்ளை. உன்ரை கதையைக் கேட்டாப்பிறகு நானும் முதலாம் பாகத்தை எடுத்து வாசிச்சுப்போட்டு நித்திரையில்லாமல் கிடந்தனான். பொறுக்கேலாமல் இதின்ரை கடைசியைப் பாத்திட்டன். அவள் அங்கை போய் இறங்க, அவன்..."

"சேர்! வாயை மூடுங்கோ!"

என்ரை சீவியத்தில ஒரு வாத்தியாரைப் பாத்து நான் அப்பிடிச் சொன்னதில்லை. அவர் திகைச்சுப் போனார்.

"ஆரும் வந்து சொல்லுவினம், ஆரும் வந்து சொல்லுவினமெண்டு இவ்வளவு காலமும் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன் சேர். இதை நானே பாக்கிறன்."

அவர் எழும்பி ரெண்டு கையாலயும் புத்தகத்தைத் தந்தார். வீட்டை போகுமட்டும் எனக்குப் பொறுக்கேல்லை. அவரின்ரை வாசல் படலையடியில நிண்டே முதல் பக்கத்தைத் திறந்தன்.