பெருமைச் சுவரில் ஒரு விருந்தாளி

நான் படித்த பல்கலைக்கழகத்தில் என் படம் மாட்டியிருக்கிறது. உயிரோடு இருப்பதால் மாலை போடவில்லை, அவ்வளவுதான். நிர்வாகக் கட்டடத்தில் படியேறியதும் வலது கைப் பக்கம் நீளமாக ஒரு சுவர். அதன் மேலே கன்னடத்தில் ‘நம்ம ஹெம்மெ’ என்று பித்தளை எழுத்துகள். நம் பெருமை என்று அர்த்தம். வெளிநாட்டில் இருக்கும் ஒரு விஞ்ஞானி, ஒரு நீதிபதி, மாவட்ட ஆட்சியராக இருந்த ஓர் அம்மாள், ஒரு சினிமா நடிகர், நாட்டுக்காகக் கபடி ஆடிய ஒருவர். அவர்களுக்கு நடுவில் இரவல் பட்டுப்புடவையில், எண்ணெய் வழிய வாரிய தலையோடு நான்.

மற்றவர்களின் படத்துக்குக் கீழே அவரவர் இப்போது என்னவாக இருக்கிறார் என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். எனக்குக் கீழே ‘முதல் ரேங்க், தங்கப் பதக்கம், வேதியியல்’ என்பதோடு சரி. அதற்குப் பிறகு இந்தப் பெண் என்ன ஆனாள் என்று பார்க்கிறவர்கள் யோசித்திருக்கலாம். ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சுவரிலிருந்து இரண்டு மாடி ஏறினால் வேதியியல் ஆய்வகம் வரும். அங்கேதான் இருக்கிறாள்.

என் பதவிக்கு இங்கே ‘அதிதி உபன்யாசகி’ என்று பெயர். விருந்தாளி ஆசிரியை. பத்து வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் தங்கியிருக்கிற விருந்தாளியை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு செமஸ்டருக்கும் புது ஆர்டர் வர வேண்டும். விடுமுறை மாதங்களில் சம்பளம் கிடையாது. ஆர்டர் வருமா வராதா என்று தெரியாமல் ஜூன் மாதமும் டிசம்பர் மாதமும் துறைத் தலைவரின் அறை வாசலில் நிற்க வேண்டும். அந்த வாசலுக்குப் போகிற வழியில்தான் என் படம் இருக்கிறது. நான் பிச்சைக்காரி மாதிரி கடந்து போவதை அது பல்லைக் காட்டிக்கொண்டு பார்க்கும்.

அதைக் கழற்றிவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அப்பாவை நினைத்துத்தான் கேட்கவில்லை. அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகும் ஊரை விட்டு வராதவர், என் படம் மாட்டிய வாரம் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்களில் பாதிப் பேரைக் காலை ரயிலில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆளுக்கொரு டிபன் பாக்ஸோடு வந்து சுவருக்கு எதிரே நின்று பார்த்தார்கள். அப்பா சட்டைப் பையைத் தடவிக்கொண்டே நின்றார். இன்றைக்கும் போன் பண்ணினால் முதல் கேள்வி அதுதான்.

“போட்டோவ தொடச்சு கிடச்சு வைக்கறாங்களாம்மா?”

“தொடைக்கறாங்கப்பா” என்பேன்.

ஒரு வருடம், நகரத்துக்கு வெளியே ஆனேக்கலில் ஒரு கல்லூரியில் வேதியியலுக்கு நிரந்தர வேலைக்கு ஆள் கேட்டார்கள். சின்னக் கல்லூரி. படம் மாட்டுகிற அளவுக்கு அங்கே நீளமான சுவர்கூட இருக்காது. எனக்கு அது பிடித்திருந்தது. அடுகோடியில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். விண்ணப்பம் போட்டேன், நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வர வேண்டும், இதுவரை வேலை பார்த்த இடத்திலிருந்து அனுபவச் சான்றிதழை அசலாகக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னார்கள்.

சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் துறைத் தலைவர். கன்னடக்காரர், ஆனால் சினிமா பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டவர். என்னிடம் தமிழில்தான் பேசுவார், அதை எனக்குச் செய்யும் பெரிய சலுகையாக நினைத்துக்கொண்டு.

“சைன் ஆயித்து மேடம், டிராயர்ல இருக்கு” என்றார். “கமிட்டி வந்துட்டுப் போகட்டும், கையில தரேன். அதுக்குள்ள நீங்க ஒரு ஹெல்ப் பண்ணணுமே.”

கமிட்டி என்றால் தரச்சான்றுக் குழு. சில வருடங்களுக்கு ஒரு முறை வெளி மாநிலங்களிலிருந்து பேராசிரியர்கள் வந்து பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் வருகிறார்கள் என்றாலே கழிவறைகளில் தண்ணீர் வரும், குரோட்டன்ஸ் தொட்டிகள் வாடகைக்கு வரும். அவர்கள் ஆசிரியர்களைத் தனியாகச் சந்திப்பார்கள், புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களைத் தனியாகச் சந்திப்பார்கள். இந்த இரண்டாவது சந்திப்புக்குத்தான் ஆள் பற்றாக்குறை. விஞ்ஞானி ஒரு வீடியோ அனுப்பிவைத்தார். நீதிபதிக்கும் ஆட்சியர் அம்மாளுக்கும் நேரமில்லை. நடிகருக்குப் படப்பிடிப்பு. ஆக, சுவரில் இருந்த பெருமைகளில் கைக்கு எட்டியவை இரண்டுதான், கபடிக்காரரும் நானும். மீதி நாற்காலிகளை நிரப்ப அக்கம்பக்கத்து வங்கிகளிலிருந்து பழைய மாணவர்களைப் பிடித்து வந்திருந்தார்கள்.

குழு வரும் நாளும் என் நேர்முக நாளும் ஒன்றாக வந்து தொலைந்தது. “பதினோரு மணிக்கு உங்க மீட்டிங் மேடம், பன்னிரண்டுக்கு ஃப்ரீ, அப்படியே போயிருங்க” என்று துறைத் தலைவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். போகவேண்டுமானால் அந்தக் காகிதம் வேண்டும், காகிதம் வேண்டுமானால் இருக்க வேண்டும். ஆய்வக வகுப்பை ரத்து செய்துவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

குளிரூட்டிய ஹாலில் வாசலுக்கு ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு ஒரு சால்வையும் சந்தனச் சீவல் மாலையும் போட்டார்கள். கபடிக்காரரின் தலையில் மைசூர் பேட்டாவை வைத்தார்கள், அந்த ஜரிகைத் தலைப்பாகை அவருடைய நெற்றிக்குச் சின்னது. குழு வந்து போட்டோ எடுக்கும் வரைக்கும் கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பதினோரு மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. குழு நூலகத்தில் இருக்கிறது என்றார்கள், பிறகு விடுதியில் இருக்கிறது என்றார்கள். எழுந்து வாசலுக்குப் போனால், “இப்ப வந்துருவாங்க மேடம், உள்ள இருங்க” என்று அந்த ஆள் கையை நீட்டி மறிப்பார். பாத்ரூமுக்குப் போகவும் கூடவே ஒரு துணை. குழு உள்ளே இருக்கும் வரை வெளி கேட்டையும் பூட்டிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சுரங்கத்தில் கீழே இறங்குவது கஷ்டமில்லை, ஷிப்ட் முடிந்த பிறகு மேலே போகிற கூண்டுக்காகக் காத்திருப்பதுதான் கஷ்டம் என்று அப்பா சொல்வார். அதை அவர் ஏதோ பழைய கதையாகச் சொல்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

“மூச்சப் புடிச்சுகினு எதிரி பக்கம் போய்ட்டு வந்துர்லாம் சிஸ்டர்” என்றார் கபடிக்காரர், பேட்டாவை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. “இங்க குந்தினு இருக்கறது அதவிட பேஜாரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கைக்கடிகாரத்தையே பார்ப்பதைக் கவனித்து, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன்.

“ஆனேக்கல்லா? நம்ம ஜிம்மே அங்கதான். வண்டி கொணாந்திருக்கேன். ஒன்றரைக்கு வுட்டாங்கன்னா கூட, சந்து பொந்துல பூந்து மூணுக்குள்ள எறக்கி வுட்டுர்றேன்.”

முன்பின் பழக்கமில்லாத மனிதர். எனக்கு அவர் காலில் விழலாம் போல் இருந்தது. ஒன்றரை மணிக்கு, குழு சாப்பிட உட்கார்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. அவர் பேட்டாவை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

குழு உள்ளே வந்தபோது மணி இரண்டரை தாண்டியிருந்தது. குழுத் தலைவர் வடக்கேயிருந்து வந்தவர், நரைத்த புருவமும் கனிவான முகமும். வங்கிக்காரர்களை விசாரித்தார், கபடிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னிடம் வந்ததும் முகம் மலர்ந்து, காலையில் சுவரில் உங்கள் படத்தைப் பார்த்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சுரங்கத் தொழிலாளியின் மகள் இவர் என்று துறைத் தலைவர் குழைந்தார்.

“இப்போது எங்கே இருக்கிறீர்கள்?” என்று தலைவர் கேட்டார்.

“ஷீ இஸ் இன் டீச்சிங் லைன் சார்” என்று துறைத் தலைவர் முந்திக்கொண்டார்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஆனேக்கல் கைவிட்டுப் போய்விட்டது. இனிமேல் யாருக்குப் பயப்பட வேண்டும்? எழுந்து நின்றேன். கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் தடங்கலில்லாமல் வரும். இங்கேதான் இருக்கிறேன் ஐயா, இதே பல்கலைக்கழகத்தில், மேல் மாடியில் என்றேன். தங்கப் பதக்கம் கொடுத்தவர்களே என்னைப் பத்து வருடத்துக்கு மேலாக விருந்தாளியாக வைத்திருக்கிறார்கள், செமஸ்டருக்கு செமஸ்டர் ஆர்டருக்காக நிற்கிறேன், விடுமுறையில் சம்பளம் இல்லை, உங்கள் முன்னால் பெருமையாக உட்காருவதற்காக இன்றைக்கு என் மாணவர்களின் ஆய்வக வகுப்பையும் ரத்து செய்தேன், என்னை வெளியே போகவும் விடமாட்டேன் என்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

துறைத் தலைவரின் முகம் சுண்டிப்போயிருந்தது. என் உடம்பு லேசாகிவிட்டது. வேலை போய்விட்டது, போகட்டும், இன்றைக்குத்தான் முதல்முறையாக இந்தக் கட்டடத்திலிருந்து நிம்மதியாக வெளியே போகப்போகிறேன் என்று நினைத்தேன்.

தலைவர் மெதுவாகக் கை தட்ட ஆரம்பித்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன, அது நடிப்பில்லை. எங்கு வேண்டுமானாலும் போயிருக்கக்கூடிய ஒரு தங்கப் பதக்க மாணவி, எதையும் எதிர்பார்க்காமல், தன்னை வளர்த்த நிறுவனத்துக்கே திரும்பி வந்து விருந்தினராகச் சேவை செய்கிறார், இந்த மாதிரி அர்ப்பணிப்பை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பார்த்ததில்லை என்றார். பக்கத்தில் இருந்த உறுப்பினரிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். கபடிக்காரர் மட்டும் தட்டவில்லை. தலையைக் குனிந்து பேட்டாவின் ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று ஆரம்பித்தேன். “என்ன அடக்கம்!” என்று தலைவர் என் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்துபோனார்.

மாலையில் துறைத் தலைவர் டிராயரைத் திறந்து காகிதத்தைக் கொடுத்தார். அவர் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார். “இனிமே எதுக்கு மேடம் இந்த சர்ட்டிஃபிகேட்? ரிப்போர்ட்லயே நீங்க வந்துட்டீங்களே!” ஆனேக்கலுக்குப் போன் போட்டேன். வேறு ஒருவரை எடுத்தாயிற்று என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, புடவையைக்கூட மாற்றாமல், வயிறு எரிய அழுதேன்.

சில மாதங்கள் கழித்து குழுவின் அறிக்கை வந்தது. புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களை அதிதி உபன்யாசகர்களாக அழைப்பது இந்தப் பல்கலைக்கழகத்தின் சிறந்த நடைமுறை என்று அதில் பாராட்டியிருந்தார்கள், இதை விரிவுபடுத்தலாம் என்று பரிந்துரையும் செய்திருந்தார்கள். நம் ஆட்கள் விடுவார்களா? இனி முதல் ரேங்க் வாங்குகிற எல்லோரையும் அப்படியே அழைப்பது என்று முடிவு செய்தார்கள். நான் கோபத்தில் திட்டியதை எடுத்துத் திட்டமாக்கிவிட்டார்கள்.

அந்த வருடம் வேதியியலில் முதல் ரேங்க் வாங்கியவள் என் மாணவி. ஒக்கலிபுரத்துத் தமிழ்ப் பெண். அப்பாவுக்கு ரயில் நிலையத்தில் பார்சல் தூக்கும் வேலை. அவளுக்கு வெளியூரில் உதவித்தொகையோடு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது, விண்ணப்பத்துக்குப் பரிந்துரை எழுதியதே நான்தான். ஒரு நாள் காலை படியேறும்போது அப்பாவும் மகளும் அந்தச் சுவர் முன்னால் நின்றிருந்தார்கள். என் படத்துக்குப் பக்கத்தில் அவள் படம், புத்தம்புதுசாக. அவளுடைய அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, போனை உயரத் தூக்கி அந்தப் படத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“மேடம், எனக்கும் ஆர்டர் குடுத்துட்டாங்க” என்று ஓடி வந்தாள். “உங்கள மாதிரியே. கமிட்டில நீங்க பேசினதாலதான்னு சார் சொன்னாரு. ரிசர்ச் சீட்டு வேணான்னு இன்னிக்கு மெயில் போடப் போறேன்.”

அவளுடைய அப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “உங்க பக்கத்துலயே பொண்ண மாட்டிக்கீறாங்கம்மா” என்றார். அவர் கையும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது.

வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதைத்தான் எனக்கு எல்லோரும் சொன்னார்கள். என் அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பைக் கெடுக்க அன்றைக்கு ஒருவருக்கும் மனம் வரவில்லை.

“அந்த மெயிலப் போடாத” என்றேன். துறைத் தலைவரின் அறைக் கதவு திறந்திருப்பது தெரிந்தே சத்தமாகத்தான் சொன்னேன். “போட்டோ இங்க இருக்கட்டும். நீ இங்க இருக்காத. அந்த ஆர்டர திருப்பிக் குடுத்துட்டு ரிசர்ச்சுக்குக் கெளம்பு. இது வேலையில்லம்மா. இதுல நொழஞ்சா வெளிய வர முடியாது.”

அவள் அப்பாவின் கை போனோடு அப்படியே நின்றது. அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. சுவரில் இருந்த இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப நீங்க ஏன் மேடம் இன்னும் இங்கயே இருக்கீங்க?”

அவள் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பாளே, அதே குரலில் கேட்டாள். அவளுடைய அப்பாவும் என் பதிலுக்காக நின்றார். ஆனேக்கலைச் சொல்லலாமா, என் அப்பாவைச் சொல்லலாமா என்று யோசித்தேன். எதுவும் அவள் கேட்டதற்குப் பதிலாக இல்லை. லேப் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன்.